தெருவைப் பார்த்த தோட்டம்

நான் வேலை பார்த்த துணிக்கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்குகிற வரைக்கும் நின்றபடிதான். எனக்கு மேல்மாடியில் தையல் மிஷின், அதனால் உட்கார்ந்து செய்கிற வேலை. கீழே குழந்தைகள் துணிப் பிரிவில் ஒரு பெண் நின்றிருந்தாள், நிறைமாதம் ஆகப்போகிற வயிறு. சாயங்காலம் ஆனால் கால் இரண்டும் வீங்கி செருப்பு வாருக்கு வெளியே பிதுங்கி நிற்கும். விடுப்பு கேட்டால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்க மாட்டாள்.

கடை வாசலில் பெரிய கண்ணாடி ஜன்னல். அதற்குள் பொம்மைகளுக்குத் துணி உடுத்தி நிறுத்துவது ஒருவருடைய வேலை. அலங்காரம் மாற்றும்போது கண்ணாடி முழுக்கக் காக்கித்தாள் ஒட்டி மறைத்துவிடுவார். அந்த மாதம் என்னமோ அவர் ஓயாமல் அலங்காரம் மாற்றிக்கொண்டே இருந்தார். மேனேஜர் சத்தம் போட்டார்.

"என்னய்யா, போன வாரம்தான மாத்தினீங்க?"

"வெயில்ல துணி வெளுத்துப்போகுது சார். அந்தக் குழந்தைத்துணிப் பொண்ணைக் கொஞ்சம் அனுப்புங்க. ஊக்கு எடுத்துக் கொடுக்க ஆள் வேணும்."

ஒருநாள் இடுப்பு பிடித்துத் தைத்த ஒரு கவுனைக் கொடுக்க நான் ஜன்னலின் பின்கதவைத் திறந்தேன். அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து, கவிழ்த்த பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்து, பக்கத்துப் பொம்மையின் இடுப்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் அலங்காரம் செய்கிறவர் மூலையில் குந்தி, வாயில் நாலைந்து குண்டூசியைக் கடித்தபடி சத்தமில்லாமல் ஒரு சட்டைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார், அவ்வளவுதான். நானும் கவுனை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

கடையில் எல்லாருக்கும் அவர் பொம்மை அண்ணன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். கடையின் வேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் அதனால் அவருக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டார். எங்கள் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்த தெரு.

ஒல்லியான மனுஷன். சட்டைக் காலரின் உள்பக்கத்தில் எப்போதும் ஊசி வரிசை. அவருக்கு ஒரு பழக்கம். அலங்காரம் முடிந்ததும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு வந்து ஒரு கையை அரை விரற்கடை தூக்குவார். மறுபடி போவார். வண்டிக்காரர்கள் திட்டுவார்கள். "உள்ள இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது தங்கச்சி. பார்க்கிறவன் தெருவுலதான நிக்கிறான்" என்பார். சொன்னது சரிதான். முன்னாலிருந்து பார்த்தால் துணி பொம்மைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் கிளிப்பும் ஊக்கும், இடுப்பில் திணித்த பழைய செய்தித்தாளும்தான்.

அவர் மனைவி, என் அண்ணிக்கு மீன் குளிர்கிடங்கில் வேலை. கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஐஸில் மீன் அடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்தால் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் வாய் மட்டும் சூடு.

"இவருக்குப் பொம்மைகூட வேலை, எனக்கு செத்த மீன்கூட வேலை. நாள் பூரா ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல ஆள் கிடையாது. அதான் வீட்டுக்கு வந்ததும் இப்படிச் சண்டை போட்டுக்கிறோம்" என்று சிரிப்பாள். பிள்ளை இல்லை. அந்த வீட்டில் சத்தத்துக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை.

சர்க்கரை வியாதி அண்ணிக்கு எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. பூட்ஸுக்குள் கால் எப்போதும் மரத்துத்தான் இருக்கும், அதனால் கட்டைவிரலில் புண் வந்தது தெரியவில்லை. தெரிந்தபோது விரலோடு நிற்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம்தான் அண்ணனும் வயதாகி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த நாள் எனக்கு மறக்காது. காரிலிருந்து அவளை இரண்டு ஆட்கள் கைத்தாங்கலாகத் தூக்கி இறக்கினார்கள். தெருவே வெளியே வந்து நின்று பார்த்தது. பரிதாபப்பட்டுத்தான் பார்த்தார்கள், நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் பார்த்தார்கள். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உள்ளே போய்ப் படுத்தவள் முன்னறை ஜன்னலின் திரையை இழுத்துவிடச் சொன்னாள். அதன் பிறகு அந்தத் திரை திறக்கவில்லை.

புண் ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் படுத்த இடத்தைவிட்டு அசையவில்லை. கட்டு மாற்ற வந்த நர்ஸ் வாசலில் வைத்து எங்களிடம் சொன்னாள்: "இப்படியே இருட்டுல படுத்துக்கிடந்தா முதுகுல புண் வரும். மனசு அதுக்கு முன்னாடி போயிடும். எப்படியாவது தினமும் வெளியே உட்கார வையுங்க. இல்லேன்னா நான் கட்டுப் போட்டுப் பிரயோஜனம் இல்ல."

அண்ணன் கெஞ்சினார். நான் கெஞ்சினேன். சக்கர நாற்காலி வாங்கி வந்து கட்டிலோரத்தில் நிறுத்தினோம். அவள் அதன் மேல் துவைத்த துணியைப் போட்டு வைத்தாள்.

ஒருநாள் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசினாள்.

"ஆஸ்பத்திரியில என் கட்டிலுக்கு எதிர்ல ஒரு படம் மாட்டியிருந்தாங்க, பார்த்தியா?"

"காடா அண்ணி?"

"மழை பெய்யற காடு. ஒவ்வொரு இலையும் முறம் மாதிரி. வெக்கையா, ஈரமா, பச்சையா... எத்தனை வருஷம் ஐஸ்ல நின்னேன். அந்த இலைக்கு நடுவுல ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தா நான் உட்காருவேன்."

அண்ணன் கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆண்டவனே வழி காட்டின மாதிரி இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மறுநாள் காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

அவர்கள் வீட்டுக்கு முன்னால் சின்ன வாசல், முழுக்க சிமெண்ட். ஒரு பக்கம் தண்ணீர் டிரம், ஒரு பக்கம் ஸ்கூட்டர். இடுப்பு உயரத்துக்குச் சுற்றுச்சுவர், தகரம் அடித்த கேட், அதைத் தாண்டினால் தெரு. அதற்குள் மழைக்காடு வர வேண்டும். எங்கள் ஊரோ மழைக்கு ஏங்குகிற ஊர். சிமெண்டைப் பெயர்த்தால் அடியில் மண்ணே இல்லை, உடைந்த செங்கல்லும் ஓடும்தான். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து அதை எல்லாம் அள்ளிக் கொட்டினார். நல்ல மண்ணும் எருவும் தென்னைநார்த் தூளும் வேனில் வந்து இறங்கின.

நர்சரிக்காரர் பெரிய தொந்தி வைத்த, சிரித்துப் பேசுகிற ஆள்.

"காடு வேணுமா? எத்தனை யானை நிக்கணும்?"

"ஒரு நாற்காலி நின்னா போதும்" என்றார் அண்ணன்.

விசிறிவாழை, கொத்து மூங்கில், பாக்குப்பனை, கல்வாழை, முறம் மாதிரி சேம்பு, இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஒரு கொடி, பெரணி. கிளிமூக்கு மாதிரி சிவப்பாகத் தொங்குகிற ஒரு பூவும் இருந்தது, அதன் பேர் கடைசிவரை என் வாயில் நுழையவில்லை. அண்ணன் அவற்றைச் செடியாகவே பார்க்கவில்லை. கடைச்சரக்கு மாதிரித்தான் பேசினார். "இது பின்வரிசை, ஆள் உயரம். இது நடுவரிசை. இது முன்னால தரையில உட்கார்ற உருப்படி." உயரமானதை எல்லாம் வீட்டுச் சுவரோடு வைத்தார். அதற்கு முன்னால் நடுத்தரம். கேட்டை ஒட்டிக் குட்டைச் செடியும் பெரணியும். பெரிய இலைக்குப் பக்கத்தில் மெல்லிய இலை, கரும்பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் வரி ஓடினது. வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

"மாப்ளே, அந்தப் பனையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பு!"

"மச்சான், பனைக்கு ஏது முகம்? எந்தப் பக்கம் திருப்பினாலும் பனைதான்!"

"உனக்குக் கண்ணு ஸ்டியரிங்லயே இருந்து பழகிப்போச்சு. சொன்னதைச் செய்!"

தகரக் கேட்டைக் கழற்றிக் கம்பி கேட் போட்டார். காற்று வரட்டும் என்றார். அழகு தெரியட்டும் என்றும் சொன்னார். தண்ணீர்தான் பெரும்பாடு. குழாயில் வருகிற நேரத்துக்கு வரும், வராமலும் போகும். துணி அலசிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் தோட்டத்துக்குத்தான். வெயில் ஏறினால் இலையோரம் கருகும். அவர் வாளியோடு நடந்து நடந்து முதுகு கூனிப்போனது. மத்தியானம் போனால் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார், கையில் பூவாளி அப்படியே இருக்கும்.

மாதங்கள் போய், செடியெல்லாம் கையைக் கோத்துக்கொண்டது. நட்டநடுவில் ஒரு பிரம்பு நாற்காலி போட்டார். பின்னால் விசிறிவாழை மயில் தோகை மாதிரி விரிந்திருக்க, நாற்காலி தெருவைப் பார்த்திருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், தெருவிலிருந்து பார்த்தால் கண் அகலவில்லை. நானே நின்று பார்த்துவிட்டு ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்.

அன்றைக்கு அண்ணி மாட்டேன் என்று சொல்லவில்லை. நல்ல துணி எடுத்துத் தரச் சொன்னாள். பவுடர் கேட்டாள். "உங்க அண்ணன் எனக்காக மண்ணு வெட்டியிருக்காரு. ஊக்கைத் தவிர வேற எதையும் கையில பிடிக்காத மனுஷன்" என்றாள். அப்படி அவள் சிரித்துப் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மடியில் ஒரு போர்வையை விரித்து, இல்லாத காலை மூடிக்கொண்டாள். கதவுப்படியில் போட்டிருந்த சரிவுப்பலகை வழியாக நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். ஒரு சேம்பு இலையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நானும் என் வீட்டுக்காரருமாகத் தூக்கிப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தோம்.

வேலைக்குப் போகிற நேரம் அது. முதலில் இரண்டு பெண்கள் நின்றார்கள். "ஐயோ, எவ்வளவு அழகு!" என்றார்கள். அவர்கள் நின்றதால் ஒரு சைக்கிள்காரர் நின்றார். பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருந்த பிள்ளைகள் கேட் கம்பியைப் பிடித்து ஏறினார்கள். ஒருத்தர் போனை எடுத்தார்.

"அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. இலையோட சேர்த்து எடுத்துக்கறேன்."

கம்பியில் தொங்கின ஒரு சின்னப் பெண் சத்தமாகக் கேட்டாள், "அந்த அம்மாவோட இன்னொரு கால் எங்கே?" அவளுடைய அம்மா வெடுக்கென்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அண்ணி போர்வையை இழுத்து இழுத்து விட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார்.

"என்னை உள்ள கொண்டு போம்மா" என்றாள் என்னிடம். குரல் உயரவே இல்லை.

அவர் ஓடி வந்தார். "என்னம்மா, என்ன ஆச்சு? வெயில் படுதா? இன்னும் கொஞ்ச நேரம்..."

அவள் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டுதான் பேசினாள். "ஜன்னல்ல வைக்க ஒரு பொம்மை குறையுதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம். நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கும் இவ்வளவு பாடு மிச்சமாயிருக்கும்."

அவருக்குப் புரியவில்லை. போன் எடுத்த ஆளால் வந்த வினை என்று நினைத்து அவரிடம் போய்ச் சண்டை போட்டார். பிறகு நிறம் போதவில்லையோ என்று பூச்செடி வாங்கி வந்து வைத்தார். நாற்காலிக்கு மெத்தை தைக்கச் சொன்னார், தைத்துக் கொடுத்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பாராட்டாத நாள் இல்லை. அண்ணி வரவில்லை. சாப்பாடு குறைந்தது. நர்ஸ் சொன்னபடியே முதுகில் ஒரு இடம் சிவந்து, தோல் வழன்றது. நான் மருந்து போடும்போது அவள் முனகக்கூட இல்லை. வாய் ஓயாமல் பேசின மனுஷி. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது ஜெபம் பண்ணுவது ஒன்றுதான். அதைப் பண்ணினேன், சோர்ந்து சோர்ந்து பண்ணினேன்.

ஒரு விடுமுறை நாள். முன்னறைத் திரையில் ஓரம் பிரிந்திருந்தது. அதைத் தைத்துப் போடலாம் என்று கழற்றி மடியில் வைத்திருந்தேன். சக்கர நாற்காலி சும்மா கிடந்து துருவேறிக் கிறீச் கிறீச்சென்றது. அண்ணன் எண்ணெய் விட்டார். சரியாக உருளுகிறதா என்று பார்க்க அதில் உட்கார்ந்து, கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் வரை போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

நானும் எழுந்து பார்த்தேன். திரை இல்லாத ஜன்னல் முழுக்க மூங்கில் குச்சியும் பனையின் அடித்தண்டும். முட்டுக் கொடுத்த கம்பு, கோணிச் சுருணை, கழுத்தில் சுற்றின கயிறு, சுவரோரம் கவிழ்த்துப் போட்ட தொட்டிகள், ரப்பர் குழாய். ஒரு இலைகூட இந்தப் பக்கம் முகம் காட்டவில்லை. உயரச் செடிகள் வெளிச்சத்தையும் அடைத்துவிட்டிருந்தன. தண்டுகளின் இடுக்கு வழியாகத் தெரிந்ததெல்லாம் கம்பி கேட்தான். அதற்குப் பின்னால் யாரோ இரண்டு பேர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் அந்த நாற்காலியிலிருந்து பார்க்கும்போது நம்மையே பார்க்கிற மாதிரி இருந்தது.

கட்டிலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "எப்படி இருக்கு வேடிக்கை?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீ அந்தப் படத்துல என்ன பார்த்தே?" என்று கேட்டார்.

"இலைக்கு நடுவுல உட்கார்ந்தா என்னை யாருக்கும் தெரியாதுன்னு பார்த்தேன்."

"அதைச் சொல்லலையே."

"கட்டின பெண்டாட்டி வாய்விட்டுச் சொல்லணுமா அதையும்?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, அலுப்பாகத்தான் சொன்னாள்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

செய்ய வேண்டியது சொல்லுவதற்குச் சுலபம். உயரச் செடி எல்லாம் தெருச்சுவருக்குப் போக வேண்டும். குட்டைச் செடி வீட்டுப் பக்கம் வர வேண்டும். மொத்தத் தோட்டத்தையும் பிடுங்கித் திருப்பி வைக்க வேண்டும். நர்சரிக்காரர் தலையில் கைவைத்தார்.

"இந்த வெயில்ல பிடுங்கினா பாதி சாகும். மழைக்குப் பொறுங்க. நல்லா வந்த சரக்கு."

"மழைவரைக்கும் பொறுக்க அவளால முடியாது" என்றார் அண்ணன்.

"உங்களால முடியுமா? உங்க முதுகைப் பார்த்தா எனக்கு முதுகு வலிக்குது."

"எனக்கு வேற வேலை என்ன இருக்கு?"

அந்த வேலை எங்களை அரைத்துவிட்டது. நட்டபோது இருந்த உற்சாகம் இல்லை, பாட்டு இல்லை. வேர் மண்ணைக் கவ்விக்கொண்டு வர மாட்டேன் என்றது. என் வீட்டுக்காரர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "மச்சான், இதுக்கு வீட்டைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பி வைக்கிறது சுலபம்" என்றார். அண்ணன் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. மூங்கிலைப் பெயர்த்தபோது அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்தது. துணி சுற்றிக்கொண்டு மறுபடி வந்து குனிந்தார்.

கம்பி கேட்டில் மறுபடி தகரம் ஏறியது. சுவருக்கு மேல் செடி அடைக்கிற வரைக்கும் பச்சைவலை கட்டினோம். தெருவுக்கு வருத்தம்.

"நல்லா இருந்ததை ஏங்க இப்படிக் கெடுக்கறீங்க? எங்க பிள்ளைங்க தினமும் பார்க்குமே."

"சரக்கு மாத்தறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

நர்சரிக்காரர் சொன்னபடியே பாதி செத்தது. விசிறிவாழை ஒவ்வொரு விசிறியாக மடக்கி, நடுக்குருத்தும் அழுகிப்போனது. பாக்குப்பனை ஒன்று மஞ்சளித்து நின்றது. இன்றா நாளையா என்று தெரியவில்லை. மிஞ்சியது மூங்கிலும், எங்கே போட்டாலும் பிழைக்கிற கல்வாழையும், சேம்பும், பெரணியில் கொஞ்சமும்தான். முன்பு காடு மாதிரி இருந்தது, இப்போது முடி கொட்டின தலை மாதிரி இருந்தது. அண்ணன் இந்தத் தடவை தெருவுக்குப் போய்ப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியை வாசலில் போட்டு அதில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து போய் ஒரு சேம்பைத் தள்ளி வைத்துவிட்டு, வந்து மறுபடி உட்கார்ந்து பார்த்தார். அண்ணி கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி அதைக் கவனிப்பாள். தைத்து வைத்த திரையை நான் மாட்டப் போனபோது, "கிடக்கட்டும், வெளிச்சம் வருது" என்றாள்.

பிறகு ஒருநாள் சக்கர நாற்காலி மேலே கிடந்த துணியை அவளே எடுத்துத் தரையில் போட்டாள். நான் உட்கார வைத்தேன். கதவு நிலை வரைதான் வந்தாள். பச்சைவலையைப் பார்த்தாள், தகரத்தைப் பார்த்தாள், போதும் என்றாள். மறுநாளும் நிலை வரைதான். பல நாள் அப்படியே போனது. அவளை யாரும் கூப்பிடவில்லை. அண்ணன் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், "வா வான்னு சொல்லாதீங்க. சொன்னாலே பார்க்கிற மாதிரிதான்."

மழை ஒரு வழியாகத் தலைகாட்டியது. மூங்கிலில் புதுக்குருத்து சுவரைத் தாண்டிப் போனது. கல்வாழை குபுகுபுவென்று இடத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது. அன்றைக்குக் காலை நான் போகும்போது அண்ணி உள்ளே இல்லை. பார்த்தால் சரிவுப்பலகையில் தானே சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கி, சேம்புக்கும் கல்வாழைக்கும் நடுவில் போய் நின்றிருந்தாள். நான் நிலையிலேயே நின்றுவிட்டேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். மடியிலிருந்த போர்வையை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் போட்டாள். அந்தக் காலை, முழங்காலோடு முடிந்துவிட்ட அந்தக் காலை, வெயிலில் நீட்டினாள். கட்டு மாற்றின நர்ஸையும் மருந்து போடுகிற என்னையும் தவிர யாருக்கும் அதை அவள் காட்டினதில்லை. இலைகளின் நிழல் அதன் மேல் ஆடியது. கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் மூலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகை அவளுக்குக் காட்டிக்கொண்டு, திரும்பாமல், ஒரே மூங்கிலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். அதற்கு அத்தனை தண்ணீர் தேவையே இல்லை.

முதுகுப் புண் ஆறியது. வாயும் திரும்பி வந்தது. "பிடுங்கி வைக்கத் தெரியாம வச்சு ஒரு வாழையைச் சாகடிச்சாரு உங்க அண்ணன்" என்று என்னிடமே அவரைக் குறை சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு வந்த தெம்பு அவரிடமிருந்து போன மாதிரி இருந்தது. அந்தக் கோடையில் வாங்க ஆரம்பித்த மூச்சு அவருக்கு அடங்கவே இல்லை. பத்தடி நடந்தால் நிற்பார். டாக்டர் இதயம் என்றார், மாத்திரை கொடுத்தார். தண்ணீர் விடுகிற வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.

பிறகு எங்கள் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. எங்களையும் கூடவே வரச் சொன்னாள். வேன் ஓட்டி ஓட்டி என் வீட்டுக்காரருக்கும் கண் மங்கிவிட்டது. கிளம்பினோம். தண்ணீர் விட அண்ணி பக்கத்து வீட்டுப் பெண்ணை ஏற்பாடு செய்துகொண்டாள். அவளே கூப்பிட்டுப் பேசினாள் என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்து சில மாதம் கழித்து அண்ணியின் போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். கஷ்டப்படவில்லை என்றாள். ஆண்டவன் அந்த மட்டும் கருணை காட்டினான்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்குத்தான். அண்ணி இலைகளுக்குள் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய்க் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. உன் மகள் வீட்ல குடத்தைத் தூக்காதே, இடுப்பு போயிடும்" என்று அதட்டி அனுப்பினாள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட் வரை என்னோடு வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வெளியே வண்டியில் காத்திருந்தார். தெருவில் நின்று நான் திரும்பிப் பார்த்தேன். மேலே கொஞ்சம் மூங்கில் நுனி, அதற்குக் கீழே சுவர், துருவேறின தகரம். உள்ளே தோட்டம் இருக்கிறது என்று சொன்னால்கூட ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

"உடம்பைப் பார்த்துக்குங்க அண்ணே, மாத்திரையை மறக்காதீங்க" என்றேன். தலையாட்டினார். மூச்சு வாங்கியது. கேட்டுக்குக் கை எட்டும் இடத்தில் நான் நின்றேன், அவர் உள்ளே சுவரில் சாய்ந்து நின்றார்.

"கேட்டை நல்லா சாத்திட்டுப் போ தங்கச்சி" என்றார். "உங்க அண்ணி வெளியே உட்கார்ந்திருக்கா."